பழைய டிராக்டரும் புதிய எஜமானரும்

சித்திரையில் கோடை மழை இரண்டொரு முறை பெய்துவிட்டால் போதும், சேலம், நாமக்கல் பக்கத்துச் செம்மண் காடுகளில் உழவு தொடங்கிவிடும். ஆடிப் பட்டத்தில் நிலக்கடலை விதைக்க எண்ணியவரும், மரவள்ளி நடக் காத்திருப்பவரும், சோளத் தட்டுக்காக ஒரு மூலையை ஒதுக்கி வைத்தவரும் ஒரே வாரத்தில் உழவு வண்டியைத் தேடுகிறார்கள். ஊரில் இருப்பதோ நாலைந்து வண்டிகள். "நாளைக்கு வருகிறேன்" என்று சொன்னவர் நாலு நாள் கழித்து வரும்போது நிலத்தின் ஈரம் காய்ந்து, கட்டி கட்டியாகப் பெயர்கிறது. இப்படி இரண்டு வருஷம் அனுபவப்பட்ட குடியானவருக்கு, "நமக்கென்று ஒரு டிராக்டர் இருந்தால் என்ன?" என்ற எண்ணம் உதிப்பது இயல்பே. புதிய வண்டியின் விலையோ பல லட்சம். ஆகவே பார்வை பழைய வண்டியின் மேல் விழுகிறது.

அந்தப் பழைய வண்டியைப் பற்றியே இவ்வாரம் எழுத எடுத்துக் கொண்டோம். இயந்திர சாஸ்திரம் போதிக்கும் உத்தேசம் நமக்கில்லை. வாங்கிய முதல் மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறோம். இதை வாசிப்பவர் எல்லாரும் டிராக்டர் ஓட்டுகிறவர் அல்லர் என்பதை அறிவோம். ஆனால் வீட்டில் ஒருவர் ஓட்டினால், மற்றவரெல்லாம் அதைச் சுற்றி நடமாடுகிறவர்கள். ஆதலின் விஷயம் குடும்பம் முழுவதையும் சேர்ந்தது.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்பது கொத்துக் கலப்பையைப் பூட்டி ஓர் ஏக்கரை ஒரு சால் ஓட்டுவதற்கு, மண்ணின் தன்மையைப் பொறுத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் வருஷத்தில் ஆறு சால் ஓட்டினாலும் முப்பது மணி நேரத்துக்கு மேல் வேலை இராது. எரு அடிப்பது, தட்டு ஏற்றுவது எல்லாம் சேர்ந்து ஐம்பது மணி நேரம் என்றே வைத்துக் கொள்வோம். வருஷத்தின் மற்ற நாளெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்கும். நிற்கிற வண்டிக்குச் செலவில்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு, அது சரியன்று. பேட்டரி தானாகவே இறங்கிப் போகும். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விழும். காற்றுக் குழாய்க்குள் எலி கூடு கட்டும். டீசல் தொட்டியின் அடியில் நீர் சேரும். சொந்த நிலம் ஐந்து ஏக்கருக்குக் குறைந்தவர், அண்டை அயலாரின் நிலத்துக்கும் போவதற்கு வழியிருந்தாலன்றி, வாடகை உழவையே நம்புவது மேல் என்பது நமது அபிப்பிராயம். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டர்களையும் கருவிகளையும் வாடகைக்கு விடுகிறது என்பதையும் இங்கே ஞாபகப்படுத்துகிறோம். இவ்வளவும் யோசித்த பின்னும் வாங்குவதென்று முடிவு செய்தவருக்கே மேலே எழுதுவது.

டிராக்டர் நம் நாட்டுக்கு வெகுகாலம் அந்நியச் சரக்காகவே இருந்தது. 1959-ம் வருஷத்தில்தான் பரீதாபாத்தில் ஐஷர் கம்பெனியார் இங்கேயே உற்பத்தி தொடங்கினார்கள். அடுத்த வருஷம் சென்னையில் டாபே என்று வழங்கும் டிராக்டர்ஸ் அண்டு பார்ம் எக்விப்மெண்ட் கம்பெனி, மாஸி பெர்குஸன் கம்பெனியாரின் கூட்டுறவுடன் ஏற்பட்டது. காங்கேயம் காளையும் ஆலம்பாடி மாடும் உழுத நிலத்தில் இரும்பு வண்டி எதற்கு என்று கேட்டவர்களும் அக்காலத்தில் உண்டு. ஜே. சி. குமரப்பா போன்ற பெரியோர் மாட்டின் பக்கமே நின்று வாதாடினார்கள். அவ்வாதத்தில் நியாயமில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் காலம் வேறு வழியில் போய்விட்டது. இன்று உலகத்தில் மிகுதியாக டிராக்டர் செய்யும் தேசம் நம்முடையதுதான். முப்பது வருஷத்துக்கு முன் செய்த மாஸி 1035 வண்டிகளும் மஹிந்திரா வண்டிகளும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பரமத்தியிலும் இன்னமும் உழுது கொண்டிருக்கின்றன.

பழைய வண்டி வாங்குகிறவருக்கு இந்தப் பிரதேசத்தில் ஒரு பெரிய அநுகூலம் இருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. சங்ககிரி முழுவதும் லாரி மயம். ஆகையால் லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, டயர்க் கடை, டீசல் பம்ப் சரி பார்க்கும் இடம் எல்லாம் பத்து மைலுக்குள் கிடைக்கின்றன. ஆனால் லாரி மெக்கானிக் எல்லாரும் டிராக்டர் மெக்கானிக் ஆகிவிட மாட்டார். என்ஜினை அவர் அறிவார். கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் சமாசாரம் தனி வித்தை. அதைத் தெரிந்த ஒருவரை, வண்டி வாங்குவதற்கு முன்பே பழக்கம் செய்து கொள்ள வேண்டும். விலை பேசப் போகும்போது அவரையும் அழைத்துப் போவது உத்தமம்.

வண்டியைப் பார்க்க அதிகாலையில் போவது நல்லது. விற்பவர் முன்கூட்டியே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், "அது ஆறட்டும், பிறகு வருகிறோம்" என்று திரும்பி விடலாம். குளிர்ந்த என்ஜின் கிளம்புகிற மாதிரியில்தான் அதன் வயசு தெரியும். கிளம்பியதும் சிறிது வெண்புகை வந்து மறைந்தால் பயமில்லை. மறையாமல் நீலப் புகையாகவே வந்து கொண்டிருந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கும். பாரம் இல்லாமலே கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை, அல்லது நாஸில் கெட்டிருக்கிறது. என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் அதன் வழியே புகை குபுகுபுவென்று வருகிறதா என்பதும் தெரியும். ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கும்போது ஆயில் மோர் போல் வெளுத்திருந்தால், உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியைத் தொடாமல் வந்துவிடுவதே விவேகம். ஸ்டியரிங்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்க வேண்டும். முன் அச்சைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் நடு ஆணியின் புஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது புலனாகும். கலப்பையைப் பூட்டித் தூக்கச் செய்து, என்ஜினை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருக்கலாம். அதற்குள் கலப்பை தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டால் ஹைட்ராலிக்கில் எங்கோ கசிவு இருக்கிறது. புதிதாக அடித்த பெயின்டைக் கண்டு மயங்குவதற்கு இடமேயில்லை. பெயின்டுக்கு அடியில் ஆயில் கசிந்து புழுதி படிந்திருந்தால் கை விரலே சொல்லிவிடும்.

இனிக் காகித விஷயம். இதில்தான் படித்த குடும்பத்தார்கூட அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே வண்டியிலும் இருக்கின்றனவா என்று, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துச் சரி பார்க்க வேண்டும். பாங்கியின் கடன் இருந்தால் அது புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கடனைத் தீர்த்துவிட்டதாக விற்பவர் வாயால் சொல்வது போதாது. பாங்கியின் கடிதமும் 35-ம் நம்பர் பாரமும் கைக்கு வர வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 என்ற நம்பருள்ள பாரங்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்படி வாங்கியவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவு செய்து 15 வருஷம் கடந்த வண்டியானால், பரீட்சைக்குக் கொண்டுபோய் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அது நடந்திருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. டிராக்டரின் புத்தகத்தைக் காட்டி டிரெய்லரையும் சேர்த்து விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"தெரிந்த மனிதர்தானே, பெயர் மாற்றம் மெதுவாக நடக்கட்டும்" என்று விற்பவரும் சொல்வதுண்டு. பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்றும், விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்றும் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. மாமன் மச்சானுக்குள் நடந்த விற்பனைக்கும் இது பொருந்தும்.

வண்டி வீட்டுக்கு வந்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசையும் ஆயிற்று. மறுநாளே உழவுக்கு ஓட்டிப் போக வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அங்கேதான் சற்றுப் பொறுக்க வேண்டும் என்கிறோம். முந்திய எஜமானர் எப்போது ஆயில் மாற்றினார் என்பது நமக்குத் தெரியாது, அவருக்கே ஞாபகமிராது. ஆகையால் எல்லாம் பழையது என்றே வைத்துக்கொண்டு, என்ஜின் ஆயில், அதன் பில்டர், டீசல் பில்டர்கள் ஆகியவற்றை முதலில் மாற்றிவிட வேண்டும். மாஸி வண்டிகளில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். ஹைட்ராலிக் பம்ப் அந்த ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. சேற்று உழவுக்குப் போன வண்டியில் அந்த ஆயிலோடு தண்ணீரும் சேறும் கலந்திருந்தால், கியரும் கெடும், பம்பும் கெடும். இந்த ஆயில் அதிக அளவு பிடிக்கும். செலவும் கொஞ்சம் உறைக்கும். ஆனால் பம்ப் மாற்றும் செலவுடன் ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். எந்த இடத்துக்கு எந்த ஆயில், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதெல்லாம் கம்பெனியார் வெளியிட்ட கைப்புத்தகத்தில் இருக்கிறது. வண்டியோடு அது வந்திராவிட்டால், கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதே முதல் காரியம்.

எல்லாவற்றிலும் மலிவானதும், எல்லாரும் மறந்துவிடுவதுமான ஒரு சங்கதி காற்று பில்டர். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அடியில் ஒரு சிறு கிண்ணமும் அதில் ஆயிலும் இருக்கும். உள்ளே போகும் காற்று அந்த ஆயிலைத் தொட்டுத் தூசியை அங்கேயே விட்டுச் செல்கிறது. மரவள்ளிக் காட்டிலே கோடை உழவு ஓட்டும்போது எழும் செம்புழுதியைப் பார்த்தவர்களுக்கு, ஒரே நாளில் அந்தக் கிண்ணம் சேறாகிவிடும் என்று சொல்லத் தேவையில்லை. புழுதிக் காலத்தில் தினந்தோறும் அதைக் கழற்றி, டீசலில் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாதவருடைய என்ஜினுக்குள் மண் போகிறது. மண்ணும் ஆயிலும் சேர்ந்தால் உப்புக் காகிதம் மாதிரி உராய்ந்து, பத்து வருஷம் ஓட வேண்டிய லைனரை இரண்டு வருஷத்தில் தின்றுவிடும். குழாயின் இணைப்பில் ஓர் ஓட்டை இருந்தாலும் இதே கதிதான்.

ரேடியேட்டரின் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும். அதன் முன்புறத்துத் துவாரங்களில் அடைத்துக்கொண்ட பஞ்சையும் தூசியையும் வாரம் ஒரு முறை ஊதிவிட வேண்டும். டீசல் முற்றிலும் தீர்ந்துபோகும் வரை ஓட்டினால் குழாயில் காற்று புகுந்துகொள்ளும். பிறகு டீசல் ஊற்றினாலும் என்ஜின் கிளம்பாது. அப்போது பில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு, பிறகு திருகை முடுக்க வேண்டும். இதை "ஏர் எடுப்பது" என்கிறார்கள். மெக்கானிக் வந்து செய்யும்போது அருகிலிருந்து ஒரு முறை பார்த்துக் கற்றுக்கொண்டால், பின்னொரு நாள் மாலை இருட்டும் நேரத்தில் காட்டின் நடுவே அந்தப் படிப்பு பயன்படும்.

கலப்பையைத் தூக்கும் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. டிராக்டரின் பின்னால் கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று கைகள் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ஹாரி பெர்குஸன் என்ற அயர்லாந்துக் குடியானவர் மகன். முதல் உலக யுத்தத்தின்போது அங்குள்ள டிராக்டர்களை மேற்பார்வையிடும் வேலை அவருக்குக் கிடைத்தது. வெறுமனே சங்கிலியாலோ கொக்கியாலோ கலப்பையை இழுத்த அக்காலத்து டிராக்டர்கள், கலப்பை பாறையில் சிக்கியவுடன் முன்புறம் தூக்கிப் பின்னே கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கிவிடும். பெர்குஸனின் ஏற்பாட்டில், கலப்பைக்கு எதிர்ப்பு அதிகமானால் மேற்கை முன்னோக்கித் தள்ளி, முன் சக்கரங்களைத் தரையில் அழுத்துகிறது. அத்துடன் ஹைட்ராலிக்குக்கும் சமிக்ஞை செய்து கலப்பையைச் சற்றே உயர்த்துகிறது. 1926-ல் அதற்கு உரிமை பெற்றார். நம் ஊரில் ஒரு முழ ஆழத்தில் பாறையும் சுக்கானும் தட்டுப்படும் காடுகளில் இந்த வித்தை எவ்வளவு உபகாரமானது என்பதை உழுகிறவர்கள் அறிவார்கள். ஆசனத்தின் பக்கத்தில் இதற்கு இரண்டு பிடிகள் உள்ளன: ஒன்று எதிர்ப்புக்குத் தக்கபடி ஆழத்தை மாற்றுவது, மற்றொன்று கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்துவது. கொத்துக் கலப்பைக்கு முதலாவது, ரோட்டவேட்டருக்கு இரண்டாவது. இவ்விரண்டின் பேதம் தெரியாமலே பத்து வருஷம் வண்டி ஓட்டினவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பெர்குஸனின் புத்தி அவர் சொன்ன இடத்தில் கொக்கி மாட்டினால்தான் காப்பாற்றும். சேற்றில் அகப்பட்ட லாரியையோ, பிடுங்க வேண்டிய வேலமரத்து அடிக்கட்டையையோ இழுப்பதற்காக மேற்கையிலோ அச்சின் மேலோ சங்கிலியைக் கட்டினால், முன் சக்கரம் தூக்கிய கணத்திலிருந்து வண்டி மல்லாக்க விழுவதற்கு ஓரிரு விநாடிக்கு மேல் ஆகாது. கிளச்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இழுப்பதெல்லாம் கீழேயுள்ள இழுவைச் சட்டத்திலிருந்துதான். மோகனூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பும், சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் அந்தரத்தில் ஆடுவதைக் கண்டு சிறுவர்கள் கைதட்டுகிறார்கள். அது வேடிக்கை அல்ல. சக்கரம் தரையில் இல்லாத வண்டிக்கு ஸ்டியரிங்கும் இல்லை. ஸ்வீடன் தேசத்தில் 1959 முதல் புதிய டிராக்டர்களுக்கெல்லாம் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருந்தே தீர வேண்டும் என்று விதித்தார்கள். அதன் பிறகு கவிழ்ந்து இறப்பவர் தொகை அங்கே வெகுவாகக் குறைந்து போயிற்று. நம் பழைய வண்டிகளில் அத்தகைய சட்டம் கிடையாது. வெயிலுக்குப் போட்ட தகரக் கூரையைச் சட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். அது வண்டியின் பாரத்தைத் தாங்காது.

இந்தச் சமவெளியில் மற்றோர் ஆபத்து உண்டு. மேனாட்டார் எழுதிய கைப்புத்தகத்தில் அது இராது. அதுதான் கிணறு. கவலை இறைத்த காலத்தில் பாறையைக் குடைந்து தோண்டிய அகன்ற கிணறுகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கின்றன. ஆழ்குழாய் வந்த பின் அவற்றில் பல பாழாகி, ஓரமெல்லாம் புல்லும் வேலியும் மண்டி, எங்கே தரை முடிகிறது என்பதே தெரியாமல் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. மாடு கிணற்று ஓரத்தை அறியும். அடித்து ஓட்டினாலும் நின்றுவிடும். டிராக்டருக்கு அந்த அறிவு கிடையாது. கடைசிச் சாலை வரப்பு ஓரத்தில் திருப்புவதற்காகப் பின்னே எடுக்கும்போது வண்டியோடு கிணற்றில் விழுந்தவர்களைப் பற்றிய செய்தி வருஷந்தோறும் தினசரிகளில் வந்து கொண்டுதான் இருக்கிறது. கிணற்றைச் சுற்றி, கலப்பையோடு சேர்ந்த வண்டியின் நீளத்தைப் போல் இரண்டு பங்கு இடத்தை உழாமல் விட்டுவிடும்படி நாம் சொல்கிறோம். ஒரு சென்ட், இரண்டு சென்ட் நிலம் வீணாகிறதே என்பாருக்கு, அங்கே நாலு தென்னையை நட்டு வைக்கலாமே என்பது நமது பதில். தென்னை எல்லையும் காட்டும், காயும் கொடுக்கும். கிணற்றை நோக்கிப் பின்னே எடுப்பது என்பது மட்டும் ஒரு காலும் கூடாது.

பழைய வண்டியில் செல்ப் மோட்டார் தகராறு செய்வது சகஜம். அப்போது கீழே நின்றபடியே ஸ்க்ரூடிரைவரை மோட்டாரின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பொறி பறக்கக் கிளப்புகிறார்கள். வண்டி கியரில் இருந்துவிட்டால், கிளம்பியதும் நகர்ந்து, பெரிய சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் மேலேயே ஏறிவிடும். இந்த ஸ்க்ரூடிரைவர் வித்தையைச் சாமர்த்தியம் என்று மெச்சுவதை விட்டு, சுவிட்சையும் வயரையும் சரி செய்ய ஒரு நாள் கூலி கொடுப்பது மேல். பிரேக் மிதி இரண்டு இருக்கும். வயலில் திரும்புவதற்கு வலப்புறம் தனி, இடப்புறம் தனி. ரஸ்தாவில் ஏறும் முன் இரண்டையும் கொண்டியால் பிணைத்துவிட வேண்டும். பிணைக்காமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். பழைய வண்டிகளில் அந்தக் கொண்டி தொலைந்து போயிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விடுவதும் அப்படிப்பட்ட சிக்கனமே.

வீட்டுப் பெண்மணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சம்பந்தப்பட்டது பின்புறத்தில் சுழலும் தண்டு. ரோட்டவேட்டரையும் கடலைக்காய் பறிக்கும் இயந்திரத்தையும் சுழற்றுவது இதுதான். நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது. சேலைத் தலைப்போ, தோள் துண்டோ, பின்னலின் நுனியோ அதில் பட்டால், கையை விலக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வருவதற்குள் ஒன்பது சுற்றுச் சுற்றிவிடும். தண்டின் மேல் மூடி இல்லாத வண்டியானால் முதல் செலவு அந்த மூடிதான். அது சுழலும்போது எவரும் அதைத் தாண்டக் கூடாது; களை சிக்கினால் என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே எடுக்க வேண்டும். மட்கார்டின் மேல் பேரனை உட்கார வைத்து ஊர் சுற்றி வரும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தாத்தாவின் பாசம் நமக்கு விளங்காமல் இல்லை. ஆனால் வரப்பில் ஏறி இறங்கும் ஒரு குலுக்கலில் குழந்தை விழுவது பெரிய சக்கரத்துக்கு நேர் முன்னே. டிராக்டரில் ஆசனம் ஒன்றுதான், ஏறுகிறவரும் ஒருவர்தான். இந்த விதியை வீட்டின் பெரியவளான அம்மாவோ பாட்டியோ விதித்துவிட்டால், மீற எவருக்கும் தைரியம் வராது.

முதல் உழவுக்குச் சமமான, பாறை இல்லாத, கிணற்றுக்குத் தூரமான சிறு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்துக் கொள்வது நலம். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கலப்பையை ஆழமாக விடாமல், வேகத்தையும் முக்கால் பங்குக்குள் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளச் மிதியின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது புதியவர்களின் வழக்கம்; கிளச் தட்டு தீய்ந்து போவதற்கு அதைவிடச் சுருக்கு வழி இல்லை. அரை மணிக்கு ஒரு முறை ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளையும் சூடு காட்டும் முள்ளையும் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் முள் அசையாமல் நின்றால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமல்ல. முள் செத்துப் போயிருக்கலாம். அதனால் உழவுக்கு முன்பே அவை வேலை செய்கின்றனவா என்று மெக்கானிக்கைக் கொண்டு நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும்.

உழவு முடிந்ததும் உடனே என்ஜினை நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக ஓட விட்டு, கலப்பையைத் தரையில் இறக்கி, பிறகு நிறுத்த வேண்டும். அப்புறம் வண்டியைச் சுற்றி ஒரு நடை. சக்கரத்தின் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, அடியில் புதிதாக ஆயில் சொட்டுகிறதா, எந்த இடமாவது கை வைக்க முடியாமல் சுடுகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டிலே பள்ளிக்கூடம் போகும் பெண்ணையோ பிள்ளையையோ கூப்பிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணிக் கணக்கு, ஊற்றிய டீசல், மாற்றிய ஆயில், செய்த ரிப்பேர் ஆகியவற்றைக் குறித்து வைக்கச் சொல்ல வேண்டும். மணி காட்டும் கருவி பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஓடுவதில்லை. கைக்கடியாரத்தைப் பார்த்து எழுதினாலே போதும். ஆறு மாதம் கழித்து என்ஜின் ஆயில் குறைகிறது என்று மெக்கானிக்கிடம் போகும்போது, "எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு?" என்று அவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்த நோட்டில்தான் பதில் இருக்கும்.